புதிதாய் வாங்கிய சண்டை மீன் சுணங்கினால்: தண்ணீரா, உப்பா, இலையா, மருந்தா?

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கி வந்த சண்டை மீன் இரண்டாம் நாள் காலையில் போத்தலின் அடியில் ஒருக்களித்துக் கிடக்கிறது. துடுப்புகள் விரியவில்லை. தீனி மூக்குக்கு முன்னால் மிதந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட்டோ, பீடோரோ, பெஸ்தாரி ஜெயாவோ, தோட்டத்தை ஒட்டிய எந்தச் சிற்றூரானாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். பக்கத்து வீட்டு அண்ணன் கல்லுப்புப் போடச் சொல்வார். மீன் கடைக்காரர் நீல மருந்தை நீட்டுவார். பிள்ளைகள் பள்ளி வாசலில் கிடக்கும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையைப் பொறுக்கி வருவார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டு என்று சொல்லவும் ஓர் ஆள் இருப்பார். நான்கும் ஒரே நாளில் போத்தலுக்குள் போனால் அந்த மீன் தேறுவது கடினம். எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது, எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உடம்பில் கண்ணுக்குத் தெரியும் நோய்க்குறி எதுவும் இல்லாத புது மீனுக்கு, முதல் மூன்று நாள் குளோரின் நீங்கிய சுத்தமான தண்ணீர் மட்டும் போதும். குறி தெரிந்த பிறகுதான் மருந்து. அதுவும் அந்தக் குறிக்கு உரிய ஒன்று மட்டும்.

நோயா, களைப்பா?

பண்ணையிலிருந்து சிறு பிளாஸ்டிக் பையில் ஏறி, மொத்தக் கடையில் இறங்கி, மறுபடி சில நூறு மில்லி பிடிக்கும் கிண்ணத்தில் நாள்கணக்கில் நின்ற மீன் அது. நிறம் வெளிறிப்போவதும், விலாவில் தலையிலிருந்து வால்வரை இரண்டு மூன்று கறுப்புக் கோடு தோன்றுவதும், மூலையில் ஒளிந்துகொள்வதும், இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பதும் அலைச்சலின் அடையாளங்கள். வளர்ந்த சண்டை மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் அதனால் சாகாது. இலைமேல் சாய்ந்து படுப்பதும் அதற்கு வழக்கம்தான். மேலே வந்து வாய் திறந்து காற்றை விழுங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்ற காற்றறை உள்ள மீன் இது. மேற்பரப்புக் காற்றில்லாமல் அதனால் வாழ முடியாது.

கவலைப்பட வேண்டியவை வேறு. சில விநாடிக்கு ஒருமுறை மேலே ஓடுவது, செவுள் வேகமாக அடித்துக்கொள்வது, செவுளின் ஓரம் ரத்தச் சிவப்பாக இருப்பது, உடம்பைச் சுவரில் உரசுவது. விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் தெரியாத பாதி நோய் அப்போது தெரியும். எண்ணிவிடக்கூடிய உப்புப் பரல் போன்ற வெள்ளைப் புள்ளிகள் ஒரு நோய். எண்ண முடியாத, தங்கப் பொடி தூவியது போன்ற மினுமினுப்பு வேறொரு நோய். பஞ்சு போல ஒட்டியிருப்பது பூஞ்சை. வாயோரத்திலோ முதுகின் குறுக்கே சேணம் வைத்தது போலவோ சாம்பல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது கொலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய். பார்வைக்குப் பூஞ்சை போலிருந்தாலும் ஒன்றிரண்டு நாளிலேயே மீனைக் கொன்றுவிடக்கூடியது. மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் நிமிர்ந்து அன்னாசிப்பழத் தோல் போலத் தெரிந்தால் உடம்பில் நீர் கோத்துவிட்டது என்று பொருள்.

இவற்றில் எதுவுமே இல்லாமல் மீன் வெறுமனே சோர்ந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர்தான்.

கிண்ணத்துத் தண்ணீர் செய்யும் வேலை

மீனின் கழிவும் செவுள் வழியே வெளியேறுவதும் அம்மோனியா. நிலைபெற்ற தொட்டியில் அதைத் தின்று தீர்க்க நல்ல பாக்டீரியா இருக்கும். கிண்ணத்தில் இருக்காது. புதுத் தொட்டியிலும் இருக்காது. அவை வளர்ந்து நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கிண்ணத்தில் பல நாள் நின்ற மீன் அத்தனை நாளும் தன் கழிவையே சுவாசித்துக்கொண்டிருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் இங்கே உண்டு. அம்மோனியா எவ்வளவு கொடியது என்பதைத் தண்ணீரின் பிஎச், அதாவது புளிப்பைக் காட்டும் அளவு (எண் குறைந்தால் புளிப்பு கூடும்), தீர்மானிக்கிறது. 28 டிகிரி சூட்டில் பிஎச் 7 என்றால், மொத்த அம்மோனியாவில் ஆயிரத்துக்கு ஏழு பங்குதான் செவுளை எரிக்கும் வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது அறுபத்தைந்து பங்கைத் தொடும், ஏறக்குறைய ஒன்பது மடங்கு. பழைய கிண்ணத் தண்ணீர் நாளாக ஆகப் புளித்து பிஎச் இறங்கியிருக்கும். அந்த அழுக்கோடு மீனை வைத்துக்கொண்டே பிஎச் கூடிய புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கணக்கில் சேர்த்தால், பழக்குகிறோம் என்று நினைத்து விஷத்தை ஏற்றிக்கொண்டிருப்போம். சட்டென்று முழுவதும் மாற்றினாலோ பிஎச் தாவலை மீன் தாங்காது.

ஆகவே இடைவழி. கிண்ணத்தை அரைமணி நேரம் புது இடத்திலேயே வைத்துச் சூட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு பாதித் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, கால் கிண்ணம் புதுத் தண்ணீர் விடுங்கள். பத்து நிமிடத்துக்குப் பின் மறுபடி கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே. நான்கைந்து முறை இப்படிச் செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் புதுத் தண்ணீராகிவிடும். கடைசியில் மீனைச் சிறு கிண்ணத்தால் மொண்டு மாற்றுங்கள். வலையில் நீளத் துடுப்பு சிக்கிக் கிழியும். பழைய தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போக வேண்டாம்.

எந்தத் தண்ணீர்?

தோட்டப்புற ஊர்களில் மூன்று தண்ணீர் கிடைக்கும்: பைப்புத் தண்ணீர், மழைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர். மூன்றில் நாங்கள் தேர்வது பைப்புத் தண்ணீர்தான். அதன் ஒரே குற்றம் குளோரின், அதை நீக்க வழியிருக்கிறது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைப் போத்தலில் எழுதியுள்ள அளவில் கலந்து, ஐந்து நிமிடம் கலக்கிவிட்டால் முடிந்தது. கொஞ்சம் கூடிப்போனாலும் தீங்கில்லை. அகல வாய் பக்கெட்டில் 24 மணி நேரம் திறந்து வைத்தாலும் சாதாரணக் குளோரின் பறந்துவிடும். ஆனால் தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் நாள்கணக்கில் வைத்தாலும் அது எளிதில் போகாது. உங்கள் பைப்பில் வருவது எது என்று உறுதியாகத் தெரியாதவரை நீக்கியை நம்புவதே பாதுகாப்பு. தண்ணீர் வெட்டு முடிந்து முதலில் வரும் தண்ணீரை மீனுக்குப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். கலங்கலோடு குளோரின் வாடையும் தூக்கலாக இருக்கும். அன்றைக்கு முன்னதாகவே ஒரு பக்கெட் பிடித்து வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மழைத் தண்ணீர் மென்மையானது, சண்டை மீனுக்கு ஒத்தது என்று பலர் சொல்வதில் பாதி உண்மை. அதில் தாதுச் சத்து ஏறக்குறைய இல்லை. அதனால் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் ஒரே இரவில் சரிந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து தகரக் கூரை. துத்தநாகம் பூசிய தகரத்திலிருந்து மழைநீரில் துத்தநாகம் கரையும். மென்மையான தண்ணீரில் அது மீனின் செவுளைப் பதம் பார்க்கும். ஓட்டுக் கூரையிலிருந்தோ திறந்த வெளியில் வைத்த பாத்திரத்திலோ பிடித்து, முதல் கால்மணி நேர மழையை விட்டுவிட்டு, பைப்புத் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் பயன்படுத்தலாம். நோயுற்ற மீனுக்கு இந்தப் பரீட்சை வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீர் இடத்தைப் பொறுத்தது. கிந்தாப் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியிலிருந்து வரும் தண்ணீர் கடினமாகவும் பிஎச் கூடியதாகவும் இருக்கும். மேலே சொன்ன அம்மோனியாக் கணக்கு அங்கே பாதகமாகத் திரும்பும். பாகான் டத்தோ, கோல சிலாங்கூர் பக்கம் மலாய்க்காரர்கள் கம்புட் என்று சொல்லும் கறுப்புச் சதுப்பு மண் உள்ள இடங்களில் தண்ணீர் தேநீர் நிறத்தில், புளிப்பாக இருக்கும். காட்டுச் சண்டை மீன் இனங்களில் சில அதில்தான் வாழ்கின்றன. ஆனால் நாம் கடையில் வாங்குவது தாய்லாந்துச் சமவெளியிலிருந்து வந்த இனத்தின் பண்ணைப் பிள்ளை. அதற்கு பிஎச் 6.5 முதல் 7.5 வரை போதும். தோட்டத்து ஓடைத் தண்ணீரையும் வாய்க்கால் தண்ணீரையும் எடுக்கவே கூடாது. செம்பனைக்கு அடிக்கும் களைக்கொல்லியும் உரமும் முதலில் வந்து சேருவது அங்கேதான். கொசுவுக்காக அபேட் மருந்து போட்டு வைத்த தொட்டித் தண்ணீரும் அப்படியே ஒதுக்க வேண்டியது.

எந்தப் பாத்திரம்? எங்கே வைப்பது?

உடம்பு சரியில்லாத மீனைப் பெரிய தொட்டியில் விட்டால் நல்லது என்று தோன்றும். தளர்ந்த மீனுக்கு ஆழம் எதிரி. காற்றை விழுங்க ஒவ்வொரு முறையும் 30 சென்டிமீட்டர் ஏற வேண்டியிருந்தால் அதன் பலம் அதிலேயே தீரும். சில மீன்கள் ஏற முடியாமலே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். மறுபக்கம் ஜாம் போத்தல். ஒரு லிட்டர் தண்ணீர் பகலில் சுட்டு இரவில் குளிரும், ஒரு நாளிலேயே அழுக்காகும்.

நடுவில் இருப்பது ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா. பிஸ்கட் டப்பாவோ சாப்பாட்டுப் பெட்டியோ போதும். சவர்க்காரம் பட்டதாக இருக்கக் கூடாது. அளவுக் கிண்ணத்தால் சரியாக 4 லிட்டர் ஊற்றி வெளியே ஒரு கோடு போட்டு வையுங்கள். மருந்தளவு எல்லாம் இந்த 4 லிட்டரை வைத்தே சொல்லப் போகிறோம். தண்ணீர் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம் நின்றால் போதும். மேலே நான்கு விரல் வெற்றிடம் விட்டு, துளையிட்ட மூடி போடுங்கள். மீன் துள்ளும் என்பதற்காக மட்டுமில்லை, மேற்பரப்புக் காற்று வெதுவெதுப்பாக நிற்க வேண்டும் என்பதற்காகவும்தான். அடியில் கல், மணல் ஒன்றும் வேண்டாம். வெறும் அடி என்றால் கழிவும் மிச்சத் தீனியும் கண்ணில் படும். படுத்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் இலை போதும். வடிகட்டி இல்லாத இந்த டப்பாவில் தினமும் பாதித் தண்ணீர், அதாவது 2 லிட்டர் மாற்ற வேண்டும். மெல்லிய காற்றுக் குழாயால் அடி அழுக்கை உறிஞ்சி எடுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கையில் வெட்டுக் காயம் இருந்தால் உறை போடுங்கள்; மீனின் காசநோய்க் கிருமி மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும்.

சூடு 26 முதல் 28 டிகிரி. சமவெளி ஊர்களில் இதற்கு ஹீட்டர் தேவைப்படாது. கேமரன் மலையிலும், ராத்திரி முழுக்க ஏர்கோன் ஓடும் அறையிலும்தான் தேவை. எங்கள் ஊர்களில் கெடுதல் செய்வது குளிரைவிட வெயில். தகரக் கூரை வீட்டில் ஜன்னலோர டப்பா பிற்பகலில் 33, 34 டிகிரியைத் தொடும். தரையோரம், நிழலில், காற்று நேராக அடிக்காத இடம் தேடுங்கள்.

இடம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொசுவத்தி, கொசு மருந்து ஸ்பிரே, டெங்கிக்கு அடிக்கும் புகை மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. மனிதருக்குத் தீங்கு குறைவு, மீனுக்கோ மிகச் சிறிய அளவே எமன். இந்த மீன் தண்ணீரிலும் மூச்சு விடுகிறது, மேலே வந்து அறைக் காற்றையும் விழுங்குகிறது. புகையடிக்க வரும் நாளில் டப்பாவை ஈரத் துணியால் மூடி வேறு அறைக்கு மாற்றுங்கள். சாமி மேடைக்குப் பக்கத்தில், சாம்பிராணிப் புகை படியும் இடத்திலும் வைக்காதீர்கள். காரணமே தெரியாமல் மூன்றாம் நாள் செத்தது என்கிற மீன்களில் சில இப்படிப் போனவையே.

உப்பு

உப்பு மருந்தில்லை, ஊன்றுகோல். மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு வெளித் தண்ணீரில் இல்லாததால் தண்ணீர் இடைவிடாமல் உடம்புக்குள் ஊறும். அதைச் சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். செவுளோ தோலோ புண்ணானால் அந்தச் சுமை கூடும். தண்ணீரில் சிறிது உப்பிருந்தால் சுமை குறையும். வெள்ளைப் புள்ளிக் கிருமியின் நீந்தும் பருவத்தையும் அது தாக்கும். தண்ணீரில் நைட்ரைட் (நல்ல பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது இடையில் உண்டாகும் நச்சு) ஏறியிருந்தால் அது ரத்தத்தில் கலப்பதைத் தடுக்கும். அம்மோனியாவுக்கு மட்டும் உப்பு மாற்றாகாது.

ஒட்டுக்கடைக் கல்லுப்பு போதும். அயோடின் சேர்ந்திருந்தால் கெடுதல் என்பது வீண் பயம்; அதன் அளவு மிகச் சிறியது. வாசனையோ மசாலாவோ கலந்தது மட்டும் ஆகாது. 4 லிட்டருக்கு 5 கிராம், ஏறக்குறைய சமனான ஒரு தேக்கரண்டி. கல்லுப்புப் பரலின் பருமனைப் பொறுத்துக் கரண்டி ஏமாற்றும், தராசு இருந்தால் நிறுத்துப் போடுங்கள். தனிக் கோப்பையில் கரைத்து, அரைநாள் இடைவெளியில் இரண்டு தடவையாக ஊற்றுங்கள். பரலாக உள்ளே போட்டால் மீன்மேல் பட்டு எரியும். வெள்ளைப் புள்ளி நிச்சயம் என்றால் இரண்டாம் நாள் இன்னொரு 5 கிராம் சேர்க்கலாம்.

தவறு நடக்கும் இடம் இதுதான்: 2 லிட்டர் மாற்றும்போது முழு அளவு உப்பு போட்டுவிடுவார்கள். வெளியே போனது பாதி உப்பு, உள்ளே போக வேண்டியதும் பாதி. வெயிலில் ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. பத்து நாளைத் தாண்ட வேண்டாம். நீர் கோத்து வீங்கிய மீனுக்குச் சமையல் உப்பு உதவாது. அதற்கும் மலச்சிக்கலால் வயிறு உப்பியதற்கும் மருந்தகத்தில் கிடைக்கும் எப்சம் உப்புதான் (மக்னீசியம் சல்பேட்). 4 லிட்டருக்கு அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள்.

கெத்தாப்பாங் இலை

நாட்டு வாதுமை மரத்தின் இலை, பள்ளி வளாகங்களிலும் சாலையோரங்களிலும் சும்மா கிடைப்பது. காய்ந்து பழுப்பாகித் தானே உதிர்ந்ததை எடுங்கள். பச்சை இலை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். மருந்தடித்த இடத்திலும் லாரி ஓடும் சாலையோரத்திலும் கிடந்தது வேண்டாம். அலசி, கையளவு துண்டு ஒன்றை 4 லிட்டரில் போடுங்கள். ஒரு முழு இலை பத்துப் பதினைந்து லிட்டருக்கு ஆகும். ஓரிரு நாளில் தண்ணீர் வெளிறிய தேநீர் நிறமாகும். பிஎச் கொஞ்சம் இறங்கும், கிருமி பெருகுவது ஓரளவு மந்தப்படும், வெளிச்சம் மங்கி மீன் அமைதியாகும்.

நல்ல துணைதான். எங்களுக்கு அதில் ஒரே குறை, அதன்மேல் மக்கள் வைக்கும் நம்பிக்கை. இலை போட்டாயிற்று என்று தண்ணீர் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். பழுப்பு நிறத்துக்கு அடியில் அழுக்கும் தெரிவதில்லை. உப்பும் இலையும் ஒன்றோடொன்று சண்டை போடாது, சேர்த்தே வைக்கலாம். களைப்படைந்த மீனுக்கு வேண்டுமானால் இலை. துடுப்பு ஓரம் கிழிந்த மீனுக்கு இலையும் உப்பும். புள்ளியோ பொடியோ படலமோ தெரிந்தால் இலை மட்டும் போதாது.

துடுப்பு கிழிந்திருப்பதைக் கண்டதும் துடுப்பழுகல் என்று முடிவு கட்டாதீர்கள். தன் வாலைத் தானே கடிக்கும் பழக்கம் இந்த மீனுக்கு உண்டு. கடித்ததென்றால் ஒரே நாளில் ஒரு துண்டு போயிருக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும். அழுகல் மெல்லப் பரவும், ஓரத்தில் கறுப்போ சிவப்போ கோடு கட்டும். பக்கத்துப் போத்தலில் இன்னோர் ஆண் மீன் தெரிந்தாலும் ஓயாமல் விறைத்துக் களைத்துக் கடித்துக்கொள்ளும். நடுவில் ஓர் அட்டையைச் செருகுவதுதான் அதற்கு மருந்து.

நீலமும் மஞ்சளும்

நீல மருந்து என்பது மெதிலீன் நீலம். பூஞ்சைக்கும் செவுள் திணறலுக்கும் நைட்ரைட் தாக்கிய மீனுக்கும் நல்லது. 1 விழுக்காட்டுக் கரைசல் என்றால் 4 லிட்டருக்கு 1 மில்லி. கடைப் போத்தல்கள் பல செறிவில் வருவதால் அதிலுள்ள அளவை முதலில் படியுங்கள். சொட்டுக் கணக்கைவிட மருந்தகத்தில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சு துல்லியம். மூன்றிலிருந்து ஐந்து நாள், வெளிச்சம் படாமல். பாதித் தண்ணீர் மாற்றினால் பாதி மருந்து. இதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் வடிகட்டியில் வளர்ந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும், சிலிக்கான் ஓரமெல்லாம் நீலமாகிவிடும். தனி டப்பாவில் வைத்தியம் பார்க்கச் சொல்வதற்கு இது முக்கியக் காரணம்.

மஞ்சள் மருந்து பெரும்பாலும் அக்ரிஃபிளேவின். துடுப்பழுகல், வெளிப்புண், தங்கப் பொடி நோய், தொடக்க நிலைக் கொலம்னாரிஸ் ஆகியவற்றுக்கு நீலத்தைவிட இதையே எடுப்போம். ஆனால் மஞ்சளாக இருப்பதெல்லாம் ஒரே மருந்தில்லை. பெயர் அச்சிடாத பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கும் தூளை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது தெரியாமல் அளவு போட முடியாது. நீலத்தையும் மஞ்சளையும் கலக்கவும் கூடாது. செம்பு கலந்த மருந்துகளும் கடையில் உண்டு. தங்கப் பொடிக்கு அவை வலுவானவை என்றாலும், மழைத் தண்ணீர் போன்ற மென்மையான தண்ணீரில் அதே அளவு செம்பு மீனையே கொல்லும். புதிதாய் வளர்ப்பவர் அதைத் தொட வேண்டாம்.

நோய்க்குத் தக்கபடி மற்ற ஏற்பாடும் மாறும். வெள்ளைப் புள்ளிக்குச் சூட்டை நாளுக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை ஏற்றலாம். கிருமியின் சுழற்சி விரைவாகி, மருந்து எட்டும் நீந்தும் பருவம் சீக்கிரம் வரும். மீன்மேல் ஒட்டியிருக்கும் புள்ளியை எந்த மருந்தும் தொடாது. அதனால் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் வைத்தியத்தைத் தொடர வேண்டும். மூன்றாம் நாளே நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. தங்கப் பொடிக் கிருமிக்குப் பச்சையம் உண்டு, அது வெளிச்சத்திலும் பிழைக்கும். டப்பாவைக் கறுப்புத் துணியால் மூடி, பத்து நாளுக்குக் குறையாமல் பாருங்கள். கொலம்னாரிஸுக்குச் சூடேற்றினால் அது நெருப்பில் எண்ணெய். அங்கே குளிர்ச்சியான மூலை, உப்பு, மஞ்சள் மருந்து மூன்றையும் அன்றைக்கே தொடங்க வேண்டும். சூடேற்றலாமா என்ற ஒரு கேள்விக்காகவே புள்ளியையும் படலத்தையும் பிரித்தறிவது அவசியம்.

கேப்சூல் வேண்டாம்

டெட்ராசைக்ளின் போன்ற மனித மருந்தைத் தண்ணீரில் கொட்டுவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. கடினத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் அதைக் கட்டிப்போட்டுவிடும், வெளிச்சம் சிதைத்துவிடும். மீனின் உடம்புக்குள் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். வெளியே கொட்டும் தண்ணீரோ வாய்க்காலில் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். களைப்புக்கும் அம்மோனியாவுக்கும் புள்ளிக்கும் அது எந்த வகையிலும் உதவாது. மருந்து எதுவும் கொடுக்காமல் சுத்தத் தண்ணீரில் விட்டுவைப்பது இதைவிட மேல்.

தீனி

சுணங்கிய மீனுக்கு முதல் இரண்டு நாள் தீனியே வேண்டாம். மூன்றாம் நாள் ஒரே ஓர் உருண்டை. ஐந்து நிமிடத்தில் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். பிறகு காலை இரண்டு, மாலை இரண்டு. வயிறு உப்பியதற்கு வேகவைத்த பட்டாணி கொடுக்கச் சொல்வதுண்டு. இது பூச்சி தின்னும் மீன், பட்டாணி அதற்கு உணவாகாது. மூன்று நாள் பட்டினியும், பிறகு உறைய வைத்த டாஃப்னியாவும் (நீர்த் தெள்ளுப்பூச்சி) நல்லது. உயிருள்ள கொசுப்புழுவை இந்த மீன் ஆசையோடு தின்னும் என்பது உண்மை. ஆனால் வாய்க்காலில் பிடித்தது நோயையும் கொண்டுவரும். வீட்டு வாளியில் வளர்ப்பதோ 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதத்துக்குரியது, டெங்கிக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து.

கடைக்குத் திருப்பிக் கொடுப்பதா?

பண அளவில் பார்த்தால் இதுதான் எளிது. நிரந்தரக் கடை என்றால் வாங்கிய அன்றோ மறுநாளோ படமெடுத்துக் காட்டினால் பலர் மாற்றித் தருவார்கள். பாசார் மாலாம் வியாபாரியை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். ஆனால் சோர்ந்த மீனை மறுபடி பையில் கட்டி, வெயிலில் மோட்டாரில் கொண்டுபோய், அதே கிண்ண வரிசையில் வைப்பது அதற்கு மூன்றாவது அலைச்சல். வெறும் களைப்பு என்றால் திருப்பிக் கொடுக்காதீர்கள், மூன்று நாளில் தேறக்கூடியது அது. புள்ளி, பொடி, படலம் தெரிந்தால் கடைக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பக்கத்துக் கிண்ணங்களிலும் இருக்கும், அவரும் கவனிக்க வேண்டும். மாற்று மீனை அன்றைக்கே வாங்கி வந்து அதே டப்பாவில் விடுவது மட்டும் கூடாது.

தோட்டப்புற ஊர்களில் மீன் பார்க்கும் கால்நடை வைத்தியர் கிடைப்பது அரிது. செதில் நிமிர்ந்து, கண் பிதுங்கி, தரையில் கிடந்து, ஒரு வாரம் எப்சம் உப்பிலும் தேறாத மீன் பெரும்பாலும் திரும்பி வராது. அதைச் சாக்கடையில் விடுவதும் உயிரோடு கழிப்பறையில் ஊற்றுவதும் ஐஸ் பெட்டியில் வைப்பதும் கொடுமை. கிராம்பு எண்ணெய் மருந்தகத்தில் கிடைக்கும். ஐந்து சொட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் ஒரு லிட்டரில் மெல்ல ஊற்றுங்கள். சில நிமிடத்தில் மயங்கும். அசைவு நின்ற பின் இன்னும் பத்துப் பதினைந்து சொட்டை அதேபோல் கலந்து ஊற்றி, அரைமணி நேரம் விடுங்கள். செவுள் அசைவு நின்று வெகுநேரம் ஆன பிறகே எடுத்து, செடியடியில் ஆழமாகப் புதையுங்கள்.

டப்பா, குழாய், பிளாஸ்டிக் இலை எல்லாவற்றையும் 1 பங்கு குளோராக்ஸுக்கு (வெளுக்கும் திரவம்) 20 பங்கு தண்ணீர் என்ற கரைசலில் கால்மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசி, இரண்டு முழு நாள் வெயிலில் காயவிடுங்கள். மீன் பிழைத்திருந்தாலும் இதே வேலைதான், அது 15 லிட்டர்த் தொட்டிக்கு மாறிய மறுநாள். அந்தத் தொட்டியில் ஸ்பாஞ்ச் வடிகட்டி ஓடத் தொடங்கி ஆறு வாரம் ஆகும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றுங்கள்.